முயல் கறிச் சமையல் (பெரம்பலூர், அரியலூர் வட்டாரம்)

முயல் கறிச் சமையல் என்பது தமிழ்நாட்டின் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் முயல் இறைச்சியை வீட்டில் குழம்பாகவும் வறுவலாகவும் உப்புக்கறியாகவும் சமைக்கும் முறைகளைக் குறிக்கும். இம்முறைகள் புன்செய்க் காடுகளிலும் முள்ளுக்காடுகளிலும் திரியும் காட்டு முயலை அடிப்படையாகக் கொண்டு உருவானவை. காட்டு முயலை வேட்டையாடுவது இந்தியாவில் தண்டனைக்குரிய குற்றம் ஆகும். எனவே சட்டப்படி சமைக்கத்தக்கது பண்ணைகளிலும் வீடுகளிலும் வளர்க்கப்படும் வளர்ப்பு முயல் மட்டுமே. இவ்விரண்டையும் தமிழில் 'முயல்' என்ற ஒரே சொல்லால் வழங்கினாலும் இவை வெவ்வேறு விலங்குகள். இவற்றின் இறைச்சியும் வேறுபட்டது. காட்டு முயலுக்கென அமைந்த பழைய பக்குவத்தை மாற்றாமல் வளர்ப்பு முயலுக்குப் பயன்படுத்தினால் கறி நார் நாராக உலர்ந்துவிடுவதற்கு இதுவே காரணம்.

வட்டாரம்

பெரம்பலூர் மாவட்டம் 1995 ஆம் ஆண்டு பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதிலிருந்து அரியலூர் 2001 இல் தனி மாவட்டமாகி, 2002 இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டமானது. நிருவாகம் இவ்வாறு மாறினாலும் சமையலைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் ஒரே நிலப்பரப்புதான். மேற்கே பச்சைமலை, வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம் ஆகியவற்றுக்கு இடைப்பட்ட இப்பகுதியின் பெரும்பகுதி மழையை நம்பிய கரிசல், செம்மண் புன்செய் நிலமாகும். முன்பு வரகு, சோளம், கம்பு, நிலக்கடலை ஆகியவை மிகுதியாக விளைந்த இடங்களில் பருத்தியும் மக்காச்சோளமும் பரவியுள்ளன. செயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பக்கங்களில் முந்திரிக்காடுகள் உள்ளன.

காட்டு முயல் அடர்ந்த காட்டு விலங்கு அன்று. புல்லும் புதரும் பயிரும் கலந்த இத்தகைய வெளிகளே அதற்கு ஏற்ற வாழிடம். நிலக்கடலைக் கொல்லைகளிலும் பயறு வகைகளிலும் இரவில் இளந்தளிரை மேய்ந்து செல்லும் முயலை உழவர்கள் நன்கு அறிவர். ஆட்டுக்கறி திருவிழாவுக்கும் விருந்துக்கும் மட்டுமே வாங்கப்பட்ட காலத்தில் முயல் எதிர்பாராமல் கிடைக்கும் கறியாக இருந்தது. ஒரு முயலின் கறி குடும்பம் முழுவதற்கும் போதாது என்பதால் அது பெரும்பாலும் நீர்த்த குழம்பாகவே சமைக்கப்பட்டது. குழம்பு முதன்மையாகவும் வறுவல் இரண்டாவதாகவும் இருப்பதற்கு இதுவே எளிய விளக்கம்.

இரு முயல்கள்

இந்தியக் காட்டு முயலின் அறிவியற் பெயர் லெபுசு நிக்ரிகோலிசு என்பதாகும். பிரெடெரிக் கூவியே என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் 1823 இல் இப்பெயரை இட்டார். 'கருங்கழுத்து' என்ற பொருள் தரும் இப்பெயர் பிடரியில் உள்ள கரும்பட்டையைக் குறிக்கிறது. இவ்விலங்கு வளை தோண்டுவதில்லை. புல்லில் உடல் பதியும் அளவுக்கு ஒரு படுக்கையை அமைத்துக்கொண்டு பகலில் அதில் பதுங்கியிருக்கும். குட்டிகள் முடியுடனும் திறந்த கண்களுடனும் பிறக்கின்றன.

வளர்ப்பு முயல் ஓரிக்டோலேகசு கூனிக்குலசு என்னும் ஐரோப்பிய இனத்தைச் சேர்ந்தது. இது நிலத்தில் வளை தோண்டி வாழும் இயல்புடையது என்பதால் சிலர் இதனைக் குழிமுயல் என்றும் எழுதுவர். இதன் குட்டிகள் முடியின்றி, கண் திறவாமல் பிறக்கின்றன. காட்டு முயலுக்கு 48 நிறப்புரிகளும் வளர்ப்பு முயலுக்கு 44 நிறப்புரிகளும் உள்ளன. இரண்டும் தம்முள் இனப்பெருக்கம் செய்வதில்லை. இறைச்சிக்காக நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா, வெள்ளை செயண்ட், சாம்பல் செயண்ட் போன்ற வகைகள் வளர்க்கப்படுகின்றன. கொடைக்கானலை அடுத்த மன்னவனூரில் உள்ள நடுவண் செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் முயல் வளர்ப்பில் ஆய்வு செய்துவருகிறது.

சமையலுக்கு இன்றியமையாத வேறுபாடு தசையில் உள்ளது. காட்டு முயல் நெடுந்தொலைவு விரைந்தோடும் விலங்கு. அதன் தசையில் மயோகுளோபின் மிகுதியாக இருப்பதால் கறி கருஞ்சிவப்பாக இருக்கும். இணைப்புத் திசு கூடுதல், கொழுப்பு மிகக் குறைவு. நாய்களால் துரத்தப்பட்டுக் களைத்து இறந்த விலங்கின் தசையில் சர்க்கரைச் சேமிப்பு தீர்ந்துவிடுவதால், இறந்தபின் உருவாக வேண்டிய அமிலம் போதிய அளவில் உருவாவதில்லை. இதனால் கறி மேலும் கருத்து, இறுகி, விரைவில் கெடும் தன்மை அடைகிறது. கூண்டில் வளர்ந்து ஏறத்தாழ மூன்று மாதத்தில் இறைச்சிக்கு எடுக்கப்படும் முயலின் கறியோ கோழிக்கறியைப் போல வெளிறியதாகவும் மென்மையாகவும் இருக்கும். முன்னதற்கு நீண்ட வேக்காடும் கூர்மையான மசாலாவும் தேவை. பின்னதற்கு அவ்விரண்டும் மிகையாகும்.

சட்டநிலை

பிரித்தானிய ஆட்சியில் இயற்றப்பட்ட 1912 ஆம் ஆண்டின் காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் முயலும் இருந்தது. அச்சட்டம் வேட்டையை முற்றாகத் தடை செய்யவில்லை. குறிப்பிட்ட பருவங்களில் வேட்டையாடக் கூடாது என அறிவிக்கும் அதிகாரத்தை மாகாண அரசுகளுக்கு அளித்தது. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முயலைச் சிறு வேட்டை விலங்குகளுக்கான நான்காம் அட்டவணையில் வைத்தது. அப்போதும் உரிமம் பெற்று வேட்டையாட வழி இருந்தது. 1991 இல் செய்யப்பட்ட திருத்தம் வேட்டை உரிம முறையையே நீக்கியது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது அட்டவணைகள் மாற்றியமைக்கப்பட்டன. காட்டு முயல் இரண்டாம் அட்டவணைக்கு வந்தது. இக்குற்றத்துக்கு மூன்றாண்டுகள் வரை சிறையோ ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

'வேட்டை' என்பதற்குச் சட்டம் தரும் பொருள் விரிவானது. கொல்லுதல் மட்டுமன்றிக் கண்ணி வைத்தல், வலை விரித்தல், பிடித்தல், அதற்கு முயலுதல் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். இறைச்சியை வைத்திருப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றமே. தன் கொல்லையில் மேய வந்த முயல் என்பது விலக்கு ஆகாது. தமிழகச் சிற்றூர்கள் சிலவற்றில் பொங்கலையொட்டியோ கோயில் திருவிழாவையொட்டியோ நடந்துவந்த பாரி வேட்டை என்னும் வழக்கத்துக்கும் இது பொருந்தும்.

இச்சட்டத்தின் சுமை எல்லோர் மீதும் ஒரே அளவில் விழவில்லை. உழவர்களுக்கு முயல் எப்போதாவது கிடைக்கும் கூடுதல் கறி. வேட்டையையே தொழிலாகக் கொண்டிருந்த நரிக்குறவர் போன்ற சமூகத்தாருக்கோ அது அன்றாட உணவும் விற்பனைப் பொருளுமாக இருந்தது. வேட்டை தடைசெய்யப்பட்டபின் அவர்களில் பலர் பாசிமணி, ஊசி விற்பனையையே முதன்மை வாழ்வாதாரமாகக் கொண்டனர். தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் நரிக்குறவர் 2023 ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் சேர்க்கப்பட்டனர்.

வளர்ப்பு முயல் வனவிலங்கு அன்று. அதனை வளர்ப்பதற்கோ இறைச்சிக்குப் பயன்படுத்துவதற்கோ இச்சட்டத்தில் தடை இல்லை. ஆனால் காட்டு முயல் குட்டியைப் பிடித்து வந்து கூண்டில் வளர்த்தால் அது வளர்ப்பு முயல் ஆகிவிடாது.

கறியைத் தயார் செய்தல்

பழைய வழக்கத்தில் முயலின் தோலை உரித்தோ, முடியை நெருப்பில் பொசுக்கி மஞ்சள் தடவி வாட்டியோ கறி எடுக்கப்பட்டது. வாட்டிய கறியில் புகைமணம் ஏறும். தோலும் உடன் இருப்பதால் குழம்பு சற்றே கெட்டியாகும். வளர்ப்பு முயலை உரிப்பதே வழக்கம். ஏறத்தாழ 2 கிலோ எடையுள்ள வளர்ப்பு முயலிலிருந்து எலும்புடன் 1 கிலோ அளவுக்குக் கறி கிடைக்கும்.

முயலின் எலும்பு மெல்லியது. ஆட்டெலும்பைப் போல வெட்டுக்கத்தியால் ஓங்கி வெட்டினால் ஊசி போன்ற சில்லுகளாக உடைந்து கறியில் தங்கிவிடும். குழந்தைகளுக்கு இது இடர் தரும். ஆகவே மூட்டுகளில் கத்தியை நுழைத்துப் பிரிப்பது நல்லது. முன்னங்கால்கள் இரண்டு, பின் தொடைகள் இரண்டு, விலாப்பகுதி, முதுகு எனப் பிரித்தபின் தொடையை மட்டும் இரண்டாக்கிக் கொள்ளலாம். தொடை இடுக்கிலும் வாலடியிலும் உள்ள சிறு சுரப்பிகளை நீக்காவிட்டால் எவ்வளவு மசாலா சேர்த்தாலும் வாடை போகாது. முதுகுத் தசையின் மேலுள்ள வெள்ளிநிறச் சவ்வை உரித்து எடுக்க வேண்டும். சூட்டில் அது சுருங்கிக் கறியை வளைத்துவிடும். ஈரலிலிருந்து பித்தப்பையை உடைக்காமல் அகற்ற வேண்டும். ஈரலில் வெண்புள்ளிகளோ கட்டிகளோ இருந்தால் அது ஐமேரியா என்னும் ஒட்டுண்ணியால் உண்டாகும் நோயாக இருக்கக்கூடும். அத்தகைய ஈரலை உண்ணாமல் ஒதுக்கிவிட வேண்டும்.

கவிச்சி வாடை நீங்கக் கறியை மஞ்சள்தூளும் கல்லுப்பும் சேர்த்துப் பிசைந்து இருமுறை அலசுவர். காட்டு முயலின் முற்றிய கறியைப் புளித்த தயிரிலோ அரைத்த பப்பாளிக்காயிலோ ஊறவைப்பதுண்டு. பப்பாளிக்காயில் உள்ள பப்பைன் என்னும் நொதி புரதத்தைச் சிதைப்பதால் கறி மெதுவாகிறது. வளர்ப்பு முயலுக்கு இது தேவையில்லை, இளங்கறி கூழாகிவிடும்.

குழம்பு

இவ்வட்டாரக் குழம்பின் உடல் சின்ன வெங்காயமே. பெரம்பலூர் மாவட்டம் சின்ன வெங்காயச் சாகுபடியில் பெயர்பெற்றது. ஒரு கிலோ கறிக்குக் கால் கிலோ உரித்த சின்ன வெங்காயம் என்பது நல்ல அளவு. அதில் பாதியை மசாலாவுடன் வதக்கி அரைத்து, மீதியை முழுதாகவே தாளிப்பில் சேர்க்க வேண்டும். அரைத்தது குழம்பைக் கெட்டியாக்கும். முழுதாக இட்டது கறியின் சாற்றை உறிஞ்சிக்கொண்டு தனிச்சுவை தரும்.

மசாலாவுக்கு 10 காய்ந்த மிளகாய், 3 மேசைக்கரண்டி கொத்தமல்லி விதை, 1 மேசைக்கரண்டி மிளகு, 2 தேக்கரண்டி சீரகம், 1 தேக்கரண்டி சோம்பு, ஒரு துண்டு பட்டை ஆகியவற்றைச் சிறிது எண்ணெயில் தனித்தனியே வறுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாக இட்டு வறுத்தால் மல்லி சிவப்பதற்குள் சீரகம் கருகிவிடும். இவற்றுடன் 15 பல் பூண்டும் ஒரு விரல் அளவு இஞ்சியும் வெங்காயத்தில் பாதியும் சேர்த்து வதக்கி அம்மியில் மைய அரைப்பர். கொள்ளிடக் கரையோர ஊர்களில் கிடைக்கும் தேங்காய் மேட்டுநிலங்களில் அரிதாக இருந்ததால், பழைய வீட்டுக் குழம்பு தேங்காய் இல்லாமலே அமைந்தது. முந்திரி விளையும் பக்கங்களில் உடைந்த பருப்பு சிறிதளவு அரைத்துச் சேர்க்கப்படுவதுண்டு. கசகசாவும் தேங்காயும் பிற்காலச் சேர்க்கைகள் என்று கருதலாம்.

மண்சட்டியில் 100 மில்லி லிட்டர் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ காய்ந்ததும் சோம்பு, கறிவேப்பிலை தாளித்து, முழு வெங்காயத்தையும் இரண்டு தக்காளியையும் வதக்க வேண்டும். எண்ணெயின் அளவு மிகுதியாகத் தோன்றினாலும் முயல் கறியில் தன் கொழுப்பு இல்லாததால் அது தேவைப்படுகிறது. ஆட்டுக்கறியைப் போல இது தானே நெய் விடாது. அடுத்துக் கறியையும் உப்பையும் இட்டு, கறியிலிருந்து ஊறும் நீர் வற்றும்வரை கிளறியபின் அரைத்த மசாலாவைச் சேர்த்து, கறி மூழ்கும் அளவுக்கு வெந்நீர் ஊற்ற வேண்டும். குளிர்ந்த நீர் ஊற்றினால் கறி இறுகும் என்பது பெண்களிடையே வழங்கும் கருத்து. கொதி அடங்காமல் தொடர்ந்து வேக வெந்நீர் உதவுகிறது என்ற அளவில் இது பயனுள்ளதே.

காட்டு முயலின் கறியைச் சிறுதீயில் ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை வேகவைப்பது முன்னைய முறையாகும். இணைப்புத் திசுவில் உள்ள கொலாசன் என்னும் புரதம் ஈரச் சூட்டில் மெல்ல மெல்லக் கரைந்து பசையாக மாறுவதற்கு இந்நேரம் தேவைப்பட்டது. சீமைக்கருவேல் விறகின் தணலில் சட்டியை மூடி வைத்துவிட்டுக் கொல்லை வேலைக்குச் சென்று திரும்புவதற்கும் இது ஒத்துவந்தது.

வளர்ப்பு முயலுக்கான மாற்றங்கள்

வளர்ப்பு முயலின் கறி சட்டியில் 35 முதல் 45 நிமிடங்களில் வெந்துவிடும். குக்கரில் இரண்டு விசில் போதும். இரண்டு மணி நேரம் வைத்தால் கரைவதற்குக் கொலாசன் அதிகம் இல்லாத நிலையில் தசைநார்கள் நீரை இழந்து பஞ்சுபோல் ஆகிவிடும். இதற்கு மேல் எவ்வளவு குழம்பு ஊற்றினாலும் அந்நீர் திரும்பாது. முதுகுத் தசை தொடையைவிட விரைவில் வேகும் என்பதால் தொடையையும் காலையும் முதலில் இட்டு, பதினைந்து நிமிடங்கள் கழித்து முதுகுத் துண்டுகளைச் சேர்ப்பது சிறந்த வழி.

மசாலாவையும் குறைக்க வேண்டும். மேற்கூறிய அளவில் மிளகை மூன்றில் ஒரு பங்கும் பட்டையைப் பாதியும் குறைத்தால் கறியின் சுவை மேலெழும். மிளகு அவ்வளவு மிகுதியாக இடப்பட்டது காட்டு விலங்கின் வாடையை அடக்கவே. எண்ணெய் மட்டும் குறையலாகாது. வேகவைத்த அன்றே உண்பதைவிடக் குழம்பை இறக்கி ஒரு மணி நேரம் மூடிவைத்து உண்டால் உப்பும் காரமும் கறியில் ஊறியிருக்கும்.

வறுவலும் உப்புக்கறியும்

வறுவலுக்குக் கறியை மஞ்சள், உப்பு, சிறிது நீர் சேர்த்து முக்கால் பங்கு வேகவைத்து, வெந்த நீருடனேயே வாணலிக்கு மாற்ற வேண்டும். வதக்கிய சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், மல்லித்தூள் சேர்த்து நீர் சுண்டும்வரை கிளறி, கடைசியில் இடித்த மிளகைத் தூவி இறக்குவர். வெந்த நீரைக் கொட்டிவிடுவது பலரும் செய்யும் பிழை.

உப்புக்கறி மூன்றே பொருள்களால் ஆனது: காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு. மிளகாயைக் கிள்ளி விதையை உதிர்த்து நல்லெண்ணெயில் கருகாமல் வதக்கி, வெங்காயமும் கறியும் சேர்த்து, தெளித்துத் தெளித்து நீர் விட்டுச் சிறுதீயில் வேகவைக்கப்படும். தென் மாவட்டங்களிலும் இம்முறை ஆட்டுக்கறிக்கு வழக்கில் உள்ளது. வளர்ப்பு முயலின் மென்சுவைக்கு மேற்கூறிய முறைகளுள் இதுவே மிகப் பொருத்தமானது எனலாம். மறைக்க வேண்டிய வாடை எதுவும் அதில் இல்லை.

கறி மிஞ்சிய காலத்தில் எலும்பு நீக்கிக் கீற்றுகளாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் காயவைத்து உப்புக்கண்டம் போடப்பட்டது. கொழுப்பு இல்லாத கறி காறிப்போகாது என்பதால் முயல் இதற்கு ஏற்றது.

உடன் உண்பவை

கம்பங்களி, சோளக்களி, வரகரிசிச் சோறு ஆகியவை இக்குழம்புக்கு முன்பு துணையாக இருந்தன. நீர்த்த காரக்குழம்பு களிக்கு ஏற்றது. களியின் நடுவே குழி பறித்துக் குழம்பை ஊற்றி உண்பர். அரிசிச் சோறு அன்றாட உணவானபின் குழம்பும் சற்றுக் கெட்டியாக வைக்கப்படுகிறது.

வரகும் முயலும் சேர்ந்த உணவு மிகப் பழையது. புறநானூற்றின் 34 ஆம் பாடலில் ஆலத்தூர் கிழார், பாலில் சமைத்த வரகுச் சோற்றைத் தேனுடன் கலந்து, சுட்ட கொழுத்த முயற்கறியோடு பாணர் சுற்றம் இலந்தை மர நிழலில் உண்டதைக் கூறுகிறார். புன்செய் நிலத்து உணவாகவே அது அங்கும் காட்டப்படுகிறது.

பிற நாடுகளில் காட்டு முயலுக்கு அமைந்த பக்குவமும் இதே வழியில் செல்வது கவனிக்கத்தக்கது. செருமானியர்களின் ஆசன்பெபர் என்ற உணவின் பெயருக்கே 'முயல் மிளகு' என்றுதான் பொருள். பிரான்சில் காட்டு முயலைச் சிவப்புத் திராட்சை மதுவில் நெடுநேரம் வேகவைத்து அதன் குருதியால் குழம்பைக் கெட்டியாக்குவர். மால்ட்டாவில் விருந்துணவாகச் சமைக்கப்படுவது குழிமுயல் ஆகும்.

ஊட்டமும் உடல்நலமும்

அமெரிக்க வேளாண்மைத் துறையின் தரவுப்படி 100 கிராம் பச்சை வளர்ப்பு முயற்கறியில் ஏறத்தாழ 20 கிராம் புரதமும் 5.5 கிராம் கொழுப்பும் 136 கிலோகலோரி ஆற்றலும் உள்ளன. காட்டில் வாழும் குழிமுயலின் கறியில் கொழுப்பு 2.3 கிராம் மட்டுமே. வேறு உணவின்றி இத்தகைய கொழுப்பற்ற கறியையே நாள்கணக்கில் உண்டால் உடல் நலிவுறும் என்பதை வட துருவப் பகுதிப் பயணிகள் பதிவு செய்துள்ளனர். களியும் எண்ணெயும் சேர்த்து உண்ணும் வழக்கத்தில் அதற்கு இடமில்லை.

கறியின் உட்பகுதி 71 பாகை செல்சியசுக்குக் குறையாமல் வேக வேண்டும். காட்டு விலங்குகளின் குருதியையும் தோலையும் வெறுங்கையால் கையாள்வது நோய்த்தொற்றுக்கு வழி வகுக்கும். நாட்டுத்துப்பாக்கியால் சுடப்பட்ட முயலின் கறியில் ஈயக் குண்டுகள் தங்கியிருக்கும். ஈயம் சிறு அளவிலும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சாகும்.

முயலின் குருதியைத் தலையில் தேய்த்தால் முடி வளரும் என்ற நம்பிக்கை தமிழ்நாடெங்கும் உள்ளது. 'முயல் ரத்தத் தைலம்' என்ற பெயரில் எண்ணெய்களும் விற்கப்படுகின்றன. முடி வளர்ச்சிக்கு இது உதவும் என்பதற்கு அறிவியல் சான்று இல்லை. உண்மையிலேயே காட்டு முயலின் குருதி அதில் சேர்க்கப்பட்டிருந்தால் விற்பவரும் வாங்குபவரும் மேற்கூறிய சட்டத்துக்கு உட்படுவர்.